பக்கவாதத்துக்குப் பின் பேச்சு நின்ற அப்பா: ஒரு மகளின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதியவர். ஏழு வாரத்துக்கு முன் காலையில் எழுந்திருக்கும்போதே வலது கையும் காலும் விளங்கவில்லை. வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருப்பதாகச் சொன்னார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் இல்லை. எதற்கும் "அதான்... அதான்..." என்கிறார். கோபம் வந்தால் மட்டும் கெட்ட வார்த்தை தெளிவாக வருகிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார். சிலேட்டைக் கொடுத்தால் இரண்டு கோடு இழுத்துவிட்டு எறிகிறார். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம்; அம்மா ஊட்டினாலும் தட்டில் ஒரு பக்கம் இருப்பதைக் கவனிப்பதே இல்லை. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். வலது தோளைத் தொட்டாலே முகம் சுளிக்கிறார். டிவியில் கல்யாணக் காட்சி வந்தாலும் அழுகிறார். "புத்தி பேதலிச்சுப் போச்சு, குழந்தை மாதிரி ஆயிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சித்தப்பா ஒரு பச்சிலை வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். அங்கே ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களாம். நாங்கள் பேசுவது அப்பாவுக்குப் புரிகிறதா? பேச்சு திரும்ப வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் ஒன்றுகூட அப்படிக் காட்டவில்லை. அவருக்கு வந்திருப்பது பேச்சிழப்பு. டாக்டர்கள் 'அஃபேசியா' என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தச் சொல் இருக்கிறதா பாருங்கள். மனசில் நினைப்பு இருக்கும், ஆளை அடையாளம் தெரியும், நல்லது கெட்டது தெரியும், மானம் அவமானம் எல்லாம் தெரியும். நினைப்பைச் சொல்லாக மாற்றி வாய்க்குக் கொண்டுவரும் வேலை மட்டும் நின்றுபோயிருக்கும். "குழந்தை மாதிரி ஆயிட்டாரு" என்று அவர் முன்னால் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் அவருக்குப் புரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேச்சைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒரு அவசரம். "தண்ணீர் குடித்தால் இருமுகிறார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட வரி அதுதான். தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் ஒட்டியபடி இருக்கின்றன. விழுங்குகிற ஒரு நொடிக்குள் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் இந்த மூடல் தாமதமாகிறது. குழைந்த சோறு மெதுவாக நகர்வதால் தப்பிவிடும். தண்ணீர் முந்திக்கொண்டு நுரையீரல் பக்கம் ஓடிவிடும். இருமல் அதை வெளியே தள்ளும் முயற்சி. இருமலே வராமல் உள்ளே இறங்குகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். முடிவில் வருவது நிமோனியா. பக்கவாதம் வந்தவர்கள் முதல் சில மாதங்களில் இறந்துபோவதற்குப் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே இந்த வாரமே டாக்டரிடம் "விழுங்குவதைச் சோதித்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால், பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார்கள். விழுங்குவதைப் பார்க்கிறவரும் அவர்தான். குடித்த பிறகு குரல் ஈரம் படிந்து கரகரக்கிறதா, மாலையில் லேசாகக் காய்ச்சல் வருகிறதா, வேட்டி தளரும் அளவுக்கு உடம்பு இளைக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கையில் சாய்த்தபடி எதையும் கொடுக்கக் கூடாது. நாற்காலியில் நேராக உட்கார வைத்து, கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி சொம்பை அண்ணாந்து குடிப்பது இவருக்கு ஆகவே ஆகாது; தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்து கொடுக்கும். வாய் அகன்ற டம்ளரில் நிறைய ஊற்றி, ஒவ்வொரு வாயாக உறிஞ்சச் செய்யுங்கள். டம்ளரில் அடியில் கொஞ்சமாக இருந்தால் அதற்கும் அண்ணாக்க வேண்டிவரும். டம்ளரிலும் இருமினால் டீஸ்பூனால் கொடுங்கள். ஒரு வாய் முழுதும் இறங்கிய பிறகே அடுத்தது. தண்ணீரைவிடக் கூழ் பதத்தில் இருப்பது எளிது. ரசம் சாதம், நீராகாரத்தோடு பழைய சோறு, பாலில் ஊறிய பிஸ்கட் போலத் தண்ணீரும் கட்டியும் கலந்தவை மிகக் கடினம். மிக்சர், பொரி போல உதிர்கிறவையும் அப்படித்தான். சோற்றைக் கெட்டியான பருப்பிலோ தயிரிலோ பிசைந்து கொடுக்கலாம். மாத்திரையைத் தண்ணீரில் கொடுக்காமல் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரில் வைத்துக் கொடுங்கள். பொடித்துக் கொடுப்பதானால் எதைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்று மருந்துக்கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும், அவருக்கு உணர்வு தெரியாது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈரத் துணி சுற்றிய விரலாலோ மென்மையான பிரஷ்ஷாலோ அதை எடுத்துவிடுங்கள். வாய் சுத்தமாக இருந்தால், தப்பித் தவறி உள்ளே போகிற எச்சிலோடு கிருமி போவது குறையும்.

இனி பேச்சு. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மொழி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. வலது கையையும் வலது காலையும் அசைக்கிற பகுதியும் அங்கேதான், பக்கத்துப் பக்கத்தில். ஒரே தமனி இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோகிறது. அது அடைத்தால் ஒரே காலையில் சோத்துக்கையும் பேச்சும் சேர்ந்து போகும். நாக்கில் கோளாறு இல்லை, தொண்டையில் இல்லை. நாக்குக்கு வசம்பு தேய்ப்பதால் பலன் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கோபத்தில் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வருவது உங்களைக் குழப்பியிருக்கிறது. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரோ என்றுகூடச் சிலர் நினைப்பார்கள். பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்தது "டான்" என்ற ஒரே அசை. ஆத்திரம் தாங்காதபோது மட்டும் கடவுள் பேரில் ஒரு வசவு முழுதாக வரும். 1861-இல் அவர் இறந்ததும் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்று மருத்துவம் ஒப்புக்கொண்டது அங்கிருந்துதான். லெபோர்ன் மற்றவர்கள் பேசியதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார்; எண்ணிக்கையை விரலால் காட்டினார். உங்கள் அப்பாவின் "அதான்" லெபோர்னின் "டான்" மாதிரிதான். வசவு, சாமி பேர், "ஐயோ", "அம்மா", ஒன்று இரண்டு மூன்று, கிழமை வரிசை, பழகிய பாட்டு இதெல்லாம் யோசித்துக் கோத்துச் சொல்கிற பேச்சு இல்லை. வாயில் ஏற்கெனவே கட்டியாக உறைந்திருப்பவை. இவற்றில் மூளையின் வலது பாதிக்கும் பங்கு உண்டு. அதனால் அவை தப்பிப் பிழைக்கின்றன. அவர் திட்டும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்ல நினைத்தது வேறு, வாய்க்கு வந்தது அது.

புரிகிறதா என்று கேட்டீர்கள். பெரும்பகுதி புரியும், எல்லாம் புரியாது என்பதே இந்த மாதிரி நேர்வில் வழக்கம். "சாப்பிட வாங்க" என்றதும் வருவதை வைத்து முடிவு செய்ய முடியாது. தட்டு வைக்கிற சத்தம், குழம்பு வாசனை, உங்கள் கை ஜாடை எல்லாம் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. அவர் தலையாட்டுவதும் நம்பத் தகுந்ததில்லை. நம்மில் தலையை மேலும் கீழும் ஆட்டினாலும் ஆமாம், பக்கவாட்டில் சாய்த்தாலும் சரி, கொஞ்சம் வேகமாகச் சாய்த்தால் இல்லை. பேச்சிழந்தவருக்கு ஆமாம், இல்லை இரண்டும் இடம் மாறியும் வரும். அதனால் ஒரு வெள்ளை அட்டையில் பச்சை டிக், இன்னொன்றில் சிவப்புப் பெருக்கல் குறி பெரிதாகப் போட்டு அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் வையுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, கையும் கண்ணும் அசையாமல், பத்துக் கேள்வி கேளுங்கள். ஐந்துக்கு ஆமாம் பதிலாகவும் ஐந்துக்கு இல்லை பதிலாகவும் கலைத்துப் போடுங்கள். அவர் பெயரை மாற்றிச் சொல்லி "உங்க பேரு இதுவா?" என்று ஒன்று. "இது மதுரையா?" "அம்மா சேலை சிவப்பா?" "வெண்டைக்காயை மூட்டையில கட்டிக் கல்லை ஏத்தி வைப்பாங்களா?" அவர் தொழிலிலிருந்து எடுத்த கேள்விக்கு முகம் உடனே மாறுவதைக் காண்பீர்கள். எட்டுக்கு மேல் சரியாக இருந்தால் சிறிய வாக்கியங்கள் புரிகின்றன என்று பொருள். ஐந்து, ஆறு என்றால் அது சும்மா தொட்டதாலும் கிடைக்கும்.

அவருக்கு எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஒரு உதாரணம். "புலி சிங்கத்தைக் கொன்றது" என்றால் எது செத்தது என்று காட்டிவிடுவார். "புலியைச் சிங்கம் கொன்றது" என்றால் தடுமாறுவார். சொற்கள் தெரியும், அந்தச் சின்ன 'ஐ' வழுக்கிவிடுகிறது. நம் பேச்சில் யார், யாரை, யாரால், யாருக்கு என்பதெல்லாம் இந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. "பெரியப்பா வந்ததுக்கப்புறம் மாத்திரை போட்டுக்கிட்டு அம்மாகூட ஆஸ்பத்திரி போகலாம்" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவர் கையில் நாலு சொல் மட்டும் மிஞ்சும். உடைத்துச் சொல்லுங்கள். "பெரியப்பா வருவாங்க." நிறுத்துங்கள். "அப்புறம் மாத்திரை." நிறுத்துங்கள். "அப்புறம் ஆஸ்பத்திரி. அம்மா வருவாங்க." சத்தமாகப் பேசத் தேவையில்லை, காது நன்றாகவே கேட்கிறது. மழலையிலும் பேச வேண்டாம். முன்பு "வாங்க, போங்க" என்ற மரியாதை அப்படியே இருக்கட்டும்.

சிலேட்டு எறிந்ததில் அவர் தப்பு எதுவும் இல்லை. பேச முடியாதவர் எழுதிக் காட்டுவார் என்று எல்லாரும் நினைக்கிறோம். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தவர் எழுதுவார். பேச்சிழப்பில் எழுத்தும் சேர்ந்தே போகிறது, வாசிப்பும் பெரும்பாலும் குறைகிறது. முப்பது வருடம் கணக்கு எழுதியவர் கையில் சிலேட்டைக் கொடுத்து, எழுத்து வராமல் போவதை வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தால் எறியாமல் என்ன செய்வார்? அ, ஆ அட்டையும் வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு படநோட்டு செய்யுங்கள். உங்கள் செல்போனில் வீட்டுப் பொருள்களையே படம் எடுத்துப் பிரிண்ட் போடுங்கள்: அவர் குடிக்கிற அதே டம்ளர், உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவு, ஃபேன், அவர் கட்டில், கண்ணாடி. வீட்டு ஆட்கள் ஒரு பக்கம். உடம்பு ஒரு பக்கம், வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு. கடை ஒரு பக்கம்: முருங்கை, கத்தரி, தக்காளி, தராசு, முதலாளி முகம். ஒரு பக்கத்தில் நாலு படத்துக்கு மேல் வேண்டாம். படத்துக்குக் கீழே ஒரே சொல், பெரிய எழுத்தில். கடைசிப் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்கள். எட்டு என்று நினைத்து ஐந்து என்று சொல்வது இவர்களுக்கு அடிக்கடி நடக்கும், விரல் காட்டினால் உறுதியாகும். பின் அட்டையில் டிக், பெருக்கல். முக்கியமானது, நீங்களும் பேசும்போது அந்த நோட்டைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். அவருக்கு மட்டும் என்று வைத்தால் தொடமாட்டார்.

பயிற்சி பற்றி. பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் அவர் சொல்வதே முதல். ஆனால் வாரம் ஒரு நாள் அரை மணி போய்விட்டு வந்தால் போதாது. வீட்டில் தினமும் நடக்க வேண்டும். காலையில் களைப்பில்லாத நேரத்தில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்து. முதல் இரண்டு வாரத்துக்குப் பத்துச் சொல் போதும், அவருக்கு வேண்டிய சொற்களாக: அம்மாவின் பேர், பேரன் பேர், டீ, வலி, வேண்டாம், முருங்கை. ஒரு டீ டம்ளரைக் காட்டுங்கள். பத்து வரை மனசுக்குள் எண்ணிக் காத்திருங்கள். இந்தப் பத்து நொடிதான் வீட்டில் யாராலும் பொறுக்க முடியாதது. வரவில்லை என்றால், "காலையில சூடா ஒரு டம்ளர்..." என்று வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்துங்கள். அதிலும் வராவிட்டால், உங்கள் வாய் அசைவை அவர் பார்க்கும்படி "ட்..." என்று முதல் ஒலியைக் கொடுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், பிறகு அவர் தனியாக. செருப்பைச் சாவி என்று சொன்னால், "ஆமா, செருப்பு" என்று சரியான சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். "இல்ல, திரும்பச் சொல்லுங்க" என்று நிறுத்தி வைத்தால் அடுத்த சொல்லும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் என்று சொன்னால்தான் தண்ணீர் தருவோம் என்கிற கொடுமையைச் சில வீடுகளில் நல்ல எண்ணத்தோடேயே செய்கிறார்கள். ஒருநாளும் செய்யாதீர்கள்.

உறைந்த பேச்சைக் கருவியாகப் பயன்படுத்துங்கள். நீங்கள் "வெற்றிவேல் முருகனுக்கு" என்றால், பழனிக்கு நடந்து பழகியவர் வாயில் "அரோகரா" தானாக வந்துவிடும். கணக்கெழுதியவருக்கு வாய்ப்பாடு அப்படித்தான்: "ரெண்டு மூணு..." என்று நிறுத்திப் பாருங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டின் முதல் வரியை இடது கையால் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே சேர்ந்து பாடுங்கள். பாட்டில் சொல் வருவதைப் பார்த்து வீடே சந்தோஷப்படும், அழும். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். பாட்டு வந்ததால் பேச்சு வந்துவிட்டது என்று ஆகாது. அதே ராகமாக "டீ வே-ணும்" என்று தட்டிக்கொண்டே சொல்லி, ஒவ்வொரு வாரமும் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். ராகத்தை வைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சை 1970-களிலிருந்து இருக்கிறது; இவரைப் போல ஓரளவு புரிந்துகொண்டு, பேச்சு மட்டும் அடைத்தவர்களுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

தட்டில் ஒரு பக்கம் அப்படியே இருப்பது வலது பக்கமா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கண் கெடவில்லை, இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை மூளையில் பதிவாவதில்லை. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார். படநோட்டிலும் முதலில் இடது பக்கமாகவே படங்களை ஒட்டுங்கள். வலது பக்கம் ஒரு சிவப்பு நாடாவை மேஜையில் ஒட்டி, "சிவப்புத் தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்க" என்று பழக்குங்கள். நடக்கும்போது வலது கதவுநிலையில் மோதுவார், அந்தப் பக்கம் ஒருவர் இருக்க வேண்டும். கண் டாக்டர் பார்வைப் பரப்பைச் சோதித்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டும் பேச்சே வேண்டாம், கால் எவ்வளவு தேறினாலும்.

இடது கையால் சாப்பிட மறுப்பதை அடம் என்று எழுதியிருக்கிறீர்கள். பீச்சாங்கையால் சோறு தின்பதா என்று ஐம்பத்தொன்பது வருடம் ஊறிய கூச்சம் அது. இதுவும் அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். கையால் பிசைய வைக்காதீர்கள். கைப்பிடி தடித்த ஸ்பூன் ஒன்று வாங்குங்கள், அல்லது சாதாரண ஸ்பூனில் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் ஈரத்துணி, நகராது. முதல் சில நாள் வேறு யாரும் பார்க்காத நேரத்தில் அவரும் அம்மாவும் மட்டும் உட்காரட்டும். கழிப்பறையில் கைப்பிடிக் குழாய் ஒன்று பொருத்திவிட்டால் அந்தக் கை சுத்தம் பற்றிய மனக்குறையும் பாதி தீரும்.

தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். தசை தளர்ந்ததும் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கிறது. எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்தோ கையைப் பிடித்தோ இழுத்தால் அது இன்னும் விலகும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது வலது முழங்கைக்குக் கீழே தலையணை, படுக்கும்போதும் தலையணை. எண்ணெய் தேய்ப்பது தப்பில்லை, மெதுவாக இருந்தால். நரம்பு இழுப்பதாகச் சொல்லி முறுக்குகிறவர்களிடம் விடாதீர்கள். உணர்வு குறைந்த கைக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்தபிறகுதான் தெரியும்.

அழுகை இரண்டு வகை. ஒன்று, காரணம் சிறிதாக இருந்தாலும் சட்டென்று பொங்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் சட்டென்று நிற்கும்; சில நேரம் சிரிப்பாகவும் வரும். அழுகைக்கு மூளை வைத்திருக்கும் கடிவாளம் தளர்ந்ததால் வருவது. அப்போது கட்டிப்பிடித்து "அழாதீங்கப்பா" என்று சேர்ந்து அழுதால் நீளும். பேச்சை மாற்றி, தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி, வேறு வேலைக்குக் கவனத்தைத் திருப்பினால் அடங்கும். இன்னொன்று உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்த மூவரில் ஒருவருக்கு அது வருகிறது. இவரால் "மனசு சரியில்லை" என்று சொல்ல முடியாது, நாம்தான் பார்க்க வேண்டும்: இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு, பயிற்சிக்கு வர மறுப்பு, பேரனைப் பார்த்தும் முகம் மலரவில்லை. இரண்டுக்கும் மாத்திரை உண்டு, நன்றாகவே கேட்கும். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சித்தப்பா விஷயம். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அதனால் அவரிடம் கோபப்படாமல் இதைப் படித்துக் காட்டுங்கள். அப்பாவின் சீட்டில் பெரும்பாலும் மூன்று வகை மாத்திரை இருக்கும். ஒன்று ரத்தத் தட்டுக்கள் கட்டியாகச் சேராமல் தடுப்பது, ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல். அதை நிறுத்தினால் பத்து நாளுக்குள் புதுத் தட்டுக்கள் வந்து பாதுகாப்பு போய்விடும். இரண்டாவது கொழுப்புக்கான ஸ்டேட்டின். கொழுப்பு அளவு சரியாக இருந்தாலும் குழாய்ச் சுவரின் படிவு வெடிக்காமல் இருக்க அது தேவை. மூன்றாவது ரத்த அழுத்தத்துக்கு. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதாகச் சொல்லி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தால், அதை ஒரு நாள்கூட விடக் கூடாது. இவை போன பேச்சைக் கொண்டுவரும் மாத்திரை இல்லை. "ரெண்டு மாசம் சாப்பிட்டும் பேச்சு வரல, எதுக்கு?" என்ற கேள்வி அதனால்தான் தவறான இடத்தில் கேட்கப்படுகிறது. அடுத்த அடைப்பைத் தடுப்பதே இவற்றின் வேலை. வரும் பக்கவாதங்களில் நான்கில் ஒன்று ஏற்கெனவே வந்தவருக்கே வருகிறது. இரண்டாவது முறை வந்தால் இப்போது மிஞ்சியிருப்பதும் போகலாம். புறா ரத்தம் தடவுவது, ஊசி ஒன்று போட்டால் எழுந்து நடப்பார் என்பது எதற்கும் ஆதாரம் இல்லை. முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவும் கொஞ்சம் தேறும். அந்த நேரத்தில் என்ன கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தெரியும்.

ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் உட்கார வைத்து இடது கையில் பாருங்கள், விளங்காத கையில் வேண்டாம். பொதுவாக 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இருந்தால் அந்தக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு அலைவது கஷ்டமானால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பேரைச் சேருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியாளரும் வீட்டுக்கு வருவார்.

மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். முகம் ஒரு பக்கம் தொங்குவது, இருந்த பேச்சும் குழறுவது, இடது கை தூக்க முடியாமல் போவது, திடீரென்று பார்வை மறைவது, தள்ளாடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் 108. காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. ஆஸ்பிரின்கூடக் கூடாது, ஏனென்றால் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறியுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போது தெரிந்தால், படுக்கப் போன நேரம்தான் அந்த மணி. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்தவர்களில் சிலருக்கு மட்டும் குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சை 24 மணி நேரம் வரை செய்யப்படுகிறது. பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் மூளைச் செல்கள் அழிகின்றன. ஸ்கேன் இல்லாத பக்கத்துக் கிளினிக்கில் நிறுத்தி டிரிப் ஏற்றும் அரை மணியில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு திரும்ப வருமா? ஏழாவது வாரத்தில் அவர் நடக்கிறார், திட்டுகிறார், கூச்சப்படுகிறார். இவை நல்ல அறிகுறிகள். மூன்று மாதம் வரை வேகமாகவும் ஆறு மாதம் வரை ஓரளவும் தேறுவார்கள், பிறகு மெதுவாகும், நிற்காது. இரண்டாம் மூன்றாம் வருடத்தில் புதுச் சொற்கள் வந்தவர்கள் உண்டு. பழையபடி மணிக்கணக்கில் பேசுவார் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் ஒற்றைச் சொற்களும், பிறகு "டீ... வேணும்", "கடை... நாளை" என்று ஒட்டு இல்லாத துண்டுப் பேச்சும் வரும். தந்தி மாதிரி இருக்கிற அந்தப் பேச்சை வைத்தே வாழ்க்கையின் பெரும்பகுதியை நடத்த முடியும், கேட்கிறவர் காத்திருந்தால்.

இன்னொரு காரியம் பாக்கி. வலது கையால் கையெழுத்துப் போட முடியாததால் பாங்கிலும் பத்திரத்திலும் பெருவிரல் ரேகை கேட்பார்கள். எந்தக் காகிதமானாலும் அவரிடம் உடைத்து உடைத்துச் சொல்லி, டிக் அட்டையை அவரே தொட்டு, அதே கேள்வியை மாற்றிக் கேட்டும் அதே பதில் வந்த பிறகு ரேகை வையுங்கள். பேச வராதவர் என்பதால் அவர் சொத்தில் அவர் சம்மதம் தேவையில்லாமல் போய்விடாது. பேச்சு முழுதாகத் தேறாமல் நிலைத்துவிட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் இருக்கிறது. அதில் பேச்சிழப்பு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கை கால் குறைபாட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால், பேச்சையும் சேர்த்து எழுதக் கேளுங்கள்.

விழுங்குவது சரியானதும், கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில் அவரைக் கடைக்கு ஒரு மணி நேரம் கூட்டிப்போங்கள். முன்னாடியே முதலாளியிடம் மூன்றே விஷயம் சொல்லி வையுங்கள்: இடது பக்கம் நின்று பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், பத்து எண்ணும் வரை காத்திருங்கள். படநோட்டை எடுத்துப்போக மறக்க வேண்டாம்.